15 கிலோ தராசு குறைத்துக் காட்டுகிறது, மூலையில் இன்னும் குறைகிறது. கேலிப்ரேஷன் போதுமா?

மசாலா_ஜார்ஜ்டவுன்:
வணக்கம். மசாலா கலவைக்கு இணையத்தில் வாங்கிய தராசு; கொள்ளளவு 15 கிலோ, பிரிவு (எண் மாறும் மிகச்சிறிய படி) 5 கிராம், சீனாவிலிருந்து நேராக வந்தது. எம்1 வகுப்பு (துல்லியத் தரம்) எடைக்கற்களை நடுத்தட்டில் வைத்தால் 5 கிலோவுக்கு 4.990, 10 கிலோவுக்கு 9.980. அதே 5 கிலோ வலது முன்மூலையில் 4.975. கேலிப்ரேஷன் (தெரிந்த எடைக்கல் வைத்துத் தராசின் எண்ணைத் திருத்துவது) செய்தால் இரண்டும் சரியாகுமா? 5 கிலோ கல்லே போதுமா?

லோட்செல்_பிறை:
அண்ணே, இவை இரண்டு வேறு பிரச்சினைகள். நடுவில் வரும் குறை எடைக்கு ஏற்ப வளர்கிறது: 5க்கு 10 கிராம், 10க்கு 20. தட்டுக்கு அடியில் இருக்கும் உணரியான லோட் செல் அளப்பது விசையை. புவியீர்ப்பு பெய்ஜிங் பக்கம் ஏறத்தாழ 9.801 மீ/வி², பினாங்கில் 9.781. வித்தியாசம் 0.2 விழுக்காடு, அங்கே சரிசெய்த தராசு இங்கே 10 கிலோவில் 20 கிராம் குறைத்துத்தான் காட்டும். இது கேலிப்ரேஷனில் தீரும்.

மூலைக் குறை தீராது. முதலில் அதைப் பாருங்கள். தட்டைக் கழற்றி அடியில் இறுகிய மசாலாத் தூளைத் தூரிகையால் எடுங்கள். தட்டின் சுமையில் ஒரு பகுதி தூள் வழியாகத் தராசின் உடம்புக்கு இறங்கினால், அந்த அளவு செல்லுக்குப் போய்ச் சேராது. மூலைகளுக்கு அடியில் மிகைச்சுமைத் திருகுகள் (அளவுக்கு மீறிய எடையில் தட்டு மேலும் இறங்காமல் தடுப்பவை) இருக்கும். மூலையில் 5 கிலோ வைத்து, திருகுக்கும் தட்டுத் தாங்கிக்கும் இடையே தாளை நுழையுங்கள். சிக்கினால் திருகைக் கொஞ்சம் இறக்கவேண்டும். நான்கு மூலையும் நடுவோடு ஒரு பிரிவுக்குள் ஒத்துவந்த பிறகுதான் கேலிப்ரேஷன்.

5 கிலோ மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். அதில் வரும் பிழை 15 கிலோவில் மூன்று மடங்காகும். 10 கிலோவாவது வையுங்கள். எம்1 வகுப்பில் 10 கிலோ கல்லின் அனுமதிப் பிழை 500 மில்லிகிராம்தான், இந்தத் தராசுக்கு அது தாராளம். அரிசி மூட்டை, தண்ணீர் போத்தல் வேண்டவே வேண்டாம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகூட இல்லை, சுமார் 996 கிராம்.

மசாலா_ஜார்ஜ்டவுன்:
தூள்தான் காரணம், இப்போது மூலையிலும் 4.990. ஆனால் கேலிப்ரேஷனில் 10 கிலோ வைத்ததும் எண் நிலைக்காமல் பிழை காட்டி வெளியே வந்துவிடுகிறது.

லோட்செல்_பிறை:
விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்துங்கள். மேசை ஆடக்கூடாது, நீர்மட்டக் குமிழி நடுவில் இருக்கவேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் எண் அலையும். மின் இணைப்பில் போட்டு அரைமணி நேரம் சூடாக விடுங்கள். பிறகு 15 கிலோவை மூன்று முறை ஏற்றி இறக்கி, வெறுந்தட்டில் பூஜ்யம் எடுத்து, கல்லை நடுவில் மெதுவாக வையுங்கள். முடிந்ததும் 2, 5, 10, 15 என ஏற்றி, அதே படிகளில் தலைகீழாக இறக்கிப் பாருங்கள். 3ஆம் வகுப்பு (கடைகளில் நிறுக்கும் வகை) தராசுக்கு முதல் சரிபார்ப்பில் அனுமதிக்கும் பிழை வரம்பு, 5 கிராம் பிரிவில், 2.5 கிலோ வரை ±2.5 கிராம், 10 வரை ±5, அதற்கு மேல் ±7.5. எடை வரிசையின் இரு முனையும் சரியாக இருந்து இடைப்பட்ட எடைகளில் மட்டும் விலகினால் செல்லே கெட்டிருக்கலாம்.

முத்திரை_கேஎல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். கலவைக்கு மட்டும் என்றால் நீங்களே செய்யலாம். அதே தராசில் நிறுத்து விற்றால் மலேசியாவின் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் பொருந்தும்: ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்கவேண்டும். முத்திரையிட்ட தராசின் சீலை உடைத்து கேலிப்ரேஷன் பொத்தானைத் தொடாதீர்கள். கல் வைத்து எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தி, விலகல் இருந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.