ஏற்காட்டில் ரேடியோ, சேலத்தில் மைக்: டோன் ரிமோட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சேலத்தில் ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் விஎச்எஃப் ரேடியோ ஏற்காட்டில் மேலே இருக்கிறது. கீழிருந்து நேராகப் பேசினால் கொண்டை ஊசி வளைவுகளில் மலை மறைத்துவிடும்.

இதுவரை செம்புக் கம்பி லைனில் டோன் ரிமோட் (ஒலி சிக்னல் அனுப்பித் தூரத்து ரேடியோவை இயக்கும் கருவி) வைத்து இயக்கினோம். பட்டனை அழுத்தினால் 2175 ஹெர்ட்ஸ் கார்டு டோன் (guard, காவல் ஒலி) பலமாகப் போகும். அடுத்து 1950 ஹெர்ட்ஸ் டோன் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும். பேசி முடிக்கும்வரை அதே 2175 மெல்லிதாகத் தொடரும்; அது நின்றால் டிரான்ஸ்மிட்டும் நின்றுவிடும்.

போன மாதம் லைனை, ஒலியை டேட்டாவாக அனுப்பும் ஐபி இணைப்பாக மாற்றினார்கள். அன்றிலிருந்து பேச்சு நடுவில் அறுகிறது. போன வாரம் மழையில், நோயாளியோடு வளைவில் நின்ற வண்டிக்கு நான் சொன்னதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பதற்றம் இன்னும் தீரவில்லை.

ஒலியை டேட்டாவாக மாற்றும் கோடெக் ஜி.729ஆக இருந்தது. அது பேச்சுக்கென்று சுருக்குவது, டோனைக் குலைத்துவிடும். ஜி.711க்கு மாற்றினேன், எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலரையும் அணைத்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இணைப்பில் டேட்டா பாக்கெட் தவறும்போது கார்டு டோன் அறுகிறது என்பது என் சந்தேகம்.

டோனையே விட்டுவிட்டு, பிடிடியை (பேச அழுத்தும் பட்டனின் சிக்னலை) தனி டேட்டாவாக அனுப்பும் ரேடியோ ஓவர் ஐபி கேட்வே (ரேடியோவை ஐபி இணைப்போடு சேர்க்கும் பெட்டி) யாராவது போட்டிருக்கிறீர்களா? பழைய ரேடியோவோடு எப்படி இணைத்தீர்கள்? இணைப்பு போனால் மாற்று வழி என்ன வைத்திருக்கிறீர்கள்? பக்கத்து மாவட்டம் என்றால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.