யூகான் கூடைப்பந்து: நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

பழைய ஸ்டோர்ஸ்வாசி

கனெடிகட் பல்கலையில (அதான் யூகான்) படிச்சவங்க, ஹார்ட்ஃபோர்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்ல வேலை பார்க்கிறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. ஹஸ்கீஸ்னு கூப்பிடற அதோட ஆண்கள் அணி, பெண்கள் அணி ரெண்டையும் பத்தி உங்க அனுபவத்தை எழுதுங்க. நானே பிள்ளையார் சுழி போடறேன்.

2014 ஏப்ரல்ல நான் ஸ்டோர்ஸ் கேம்பஸ்ல இருந்தேன். 7-ஆம் தேதி திங்கள் ராத்திரி டெக்ஸஸ்ல, தேசியக் கல்லூரி டோர்னமெண்ட் இறுதியில, ஆண்கள் அணி கென்டக்கியை 60-54-ன்னு ஜெயிச்சது. அந்த அணி மேல யாருக்கும் பெரிசா நம்பிக்கை இல்ல. டோர்னமெண்ட்ல அவங்க பிரிவுத் தரவரிசையில ஏழாவது இடம். அதுக்கு முந்தின வருஷம் வீரர்களோட படிப்பு மதிப்பீடு சரியில்லைன்னு டோர்னமெண்ட்டுக்கே தடை. அந்த நிலைமையிலிருந்து நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர் அணியைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் கோப்பையோட வந்தார். விடுதிகள்ல ஒரு ஆள் உள்ள இல்ல, மொத்த கேம்பஸும் ரோட்லதான்.

மறுநாள் ராத்திரி நாஷ்வில்ல பெண்கள் இறுதியில நம்ம அணி நோட்டர் டேமை 79-58-ன்னு அடிச்சது. ரெண்டு அணியும் அந்த சீசன்ல ஒரு தோல்வி கூட இல்லாம இறுதிக்கு வந்திருந்தாங்க. ஆனா பக்கத்து ரூம் பையன் டிவியை அணைச்சிட்டு, "அவங்க ஜெயிப்பாங்கன்னு தெரியுமே"ன்னு அசைன்மென்ட் எழுத உட்கார்ந்துட்டான். ஒரே வருஷத்துல ஒரே பல்கலைக்கு ரெண்டு கோப்பையும் வர்றது 2004-க்கு முன்னாடி முதல் டிவிஷன்ல, அதாவது கல்லூரி விளையாட்டோட உச்சப் பிரிவுல, நடந்ததே இல்ல. அதைச் செஞ்சதும் யூகான்தான். அந்த ஊர்ல ஆண்கள் ஜெயிச்சா திருவிழா, பெண்கள் ஜெயிச்சா தினப்படி பூஜை.

ராக்கி ஹில் அம்மா

தினப்படி பூஜைன்னு சொன்னது சரிதான் தம்பி, ஆனா அந்தப் பூஜைக்கு வர்ற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? எங்க வீட்ல ஹார்ட்ஃபோர்ட் அரங்கத்துக்குப் பெண்கள் ஆட்டத்துக்குத்தான் போவோம். டிக்கெட் விலையும் தோதா இருக்கும். ஆண்கள் ஆட்டத்துல பசங்க சத்தத்துல காது அடைச்சிடும். இங்க பாதிப் பேர் தாத்தா பாட்டிங்க.

ஒரு தடவை பக்கத்துல உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் பொண்ணுகிட்ட, 1995-ல ரெபெக்கா லோபோ ஆடின காலத்துலருந்து கதை சொன்னாங்க. அந்த வருஷம் 35 ஆட்டம், 35 வெற்றி, முதல் கோப்பை. ஒவ்வொரு பொண்ணும் எந்த ஊர், எந்த முழங்கால்ல ஆபரேஷன், இப்ப எங்க கோச்சா இருக்கா எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. சொந்தக்காரப் பிள்ளைகளைப் பத்திப் பேசற மாதிரிதான் இருந்துச்சு. நடுவுல "யூ-சி-ஓ-என்-என்" கோஷம் வந்தா மட்டும் கதையை நிறுத்திட்டு எழுந்து நின்னு கத்துவாங்க.

லேப் எலி

என் அனுபவம் அரங்கத்துல இல்ல, கேம்பஸ் ஜிம்ல. சாயங்காலம் எங்க பிஎச்டி கும்பல் ஆடற இடத்துக்கு ஒரு பையன் வருவான். நெடுநெடுன்னு உயரம், எங்க எல்லாரையும் தனியாளா ஊதித் தள்ளிடுவான். பேச்சு கொடுத்தப்பதான் தெரிஞ்சது, அவன் பெண்கள் அணிக்குப் பயிற்சி எதிராளி. அந்த அணி பயிற்சியில மாணவர்களைத்தான் எதிர்ல நிறுத்தும். சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் கிடையாது. அடுத்து வரப்போற எதிரணி எப்படி ஆடுமோ அப்படியே இவங்க ஆடிக் காட்டணும்.

"அங்க நான்தான் நீங்க"ன்னு சிரிச்சான். கோச் ஜீனோ ஆரியெம்மா சில நாள் அஞ்சு பொண்ணுங்களுக்கு எதிரா ஏழெட்டுப் பசங்களை இறக்குவாராம். அப்பவும் பந்து கைமாறிப் போறது இவங்க கண்ணுக்கே தெரியாதாம். 1985-லருந்து அதே கோச், உதவிக்கு அதே கிறிஸ் டெய்லி. அப்புறம் ஏன் ஜெயிக்க மாட்டாங்க?

வெள்ளிக்கிழமை துக்கம்

ஜெயிச்ச கதையாவே வருது. 2017 மார்ச் 31 பத்தி யாரும் வாயே திறக்கல. நம்ம பெண்கள் அணிக்குத் தொடர்ந்து 111 வெற்றி. அரையிறுதியில எதிர்ல மிசிசிப்பி ஸ்டேட். முந்தின வருஷ டோர்னமெண்ட்ல அதே அணியை நம்மாளுங்க 98-38-ன்னு அறுபது புள்ளி வித்தியாசத்துல அடிச்சிருந்தாங்க. அதனால அன்னைக்கு வீட்ல பிரியாணி போட்டு நண்பர்களைக் கூப்பிட்டிருந்தேன்.

ஓவர்டைம், கடைசி நொடி, மார்கன் வில்லியம்னு அஞ்சேகால் அடி சொச்சம் உயரமுள்ள பொண்ணு எம்பிப் போட்டா. பந்து உள்ள. 66-64. கேமரா ஜீனோ பக்கம் திரும்பினா மனுஷன் சிரிக்கிறார்! "என்னமா போட்டா பாரு"ங்கிற சிரிப்பு. எங்களுக்குத்தான் பிரியாணி இறங்கல.

டல்லஸ்காரன்

யூகானை வெச்சு மத்த இடத்தையும் எடை போட்டுடாதீங்க அண்ணாச்சிகளா. 2021 மார்ச்ல கொரோனாவால பெண்கள் டோர்னமெண்ட் முழுக்க சான் அன்டோனியோ பக்கம் நடந்துச்சு. ஆண்களுக்கு இண்டியானாபோலிஸ்ல பெரிய ஹால் நிறைய உடற்பயிற்சிக் கருவி. பெண்களுக்கு ஒரே ஒரு அடுக்கு டம்பெல். ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் நிர்வாகம் அசைஞ்சது. ஆண்கள் டோர்னமெண்ட்டுக்கு இருந்த "மார்ச் மேட்னஸ்"ங்கிற பேரையே பெண்கள் போட்டிக்கு 2022-லதான் கொடுத்தாங்க.

பணத்தைக் கேட்டா இன்னும் எரியும். டோர்னமெண்ட்ல ஆடற, ஜெயிக்கிற அணிகளோட கான்ஃபரன்ஸுக்கு (பல்கலைகள் சேர்ந்து ஆடற கூட்டமைப்பு) பணத்துல பங்கு போற ஏற்பாடு ஆண்களுக்கு 1991-லருந்து இருக்கு. பெண்களுக்கு 2025-லதான் வந்துச்சு. அதுவரைக்கும் யூகான் பெண்கள் வாங்கின கோப்பைகளுக்கு அந்தக் கணக்குல ஒரு காசு கிடையாது.

பாஸ்டன் ரயில்

டல்லஸ்காரர் சொன்னது நியாயம். ஆனாலும் ஆண்கள் அணிக்காக ஒருத்தராவது பேசணும்ல? 2024 டோர்னமெண்ட்ல பாஸ்டன் டிடி கார்டன் அரங்கத்துல இல்லினாய் அணியோட நடந்த ஆட்டத்தை நேர்ல பார்த்தேன். 23-23 சமநிலை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா 53-23. முப்பது புள்ளி, எதிரணிக்குப் பூஜ்யம்! டானவன் கிளிங்கன், ஏழடி ரெண்டங்குலம், நம்ம கனெடிகட் பிரிஸ்டல் ஊர்ப் பையன். கூடைக்குக் கீழ அவர் நின்னா பந்தோட உள்ள வர்றவன் யோசிக்கிறது மேல உட்கார்ந்திருந்த எனக்கே தெரிஞ்சது. 77-52-ல முடிஞ்சது. இறுதியில பர்டூவோட ஸாக் ஈடி தனியா 37 போட்டும் 75-60. கோச் டான் ஹர்லி நடுவர்கிட்ட கத்தறதை ரசிக்கப் பழகிக்கணும், அவ்வளவுதான்.

ராக்கி ஹில் அம்மா

பெண்கள் பன்னெண்டாவது கோப்பை எடுத்ததை யாரும் சொல்லலியே! 2025 ஏப்ரல், டாம்பா, சவுத் கரோலினாவை 82-59. பெய்ஜ் பெக்கர்ஸ் முழங்கால் கிழிஞ்சு ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்த பொண்ணு. கடைசி நிமிஷங்கள்ல ஜீனோ அவளை வெளியே கூப்பிட்டுக் கட்டிப் பிடிச்சப்ப எங்க வீட்டுக்காரரே கண்ணைத் துடைச்சார். அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் ரெண்டு பேரும் ஆளுக்கு 24 புள்ளி.

புதுசா வந்த மாஸ்டர்ஸ்

வணக்கம் அக்கா, அண்ணா. இந்த ஃபால்தான் ஸ்டோர்ஸ் வந்தேன். கூடைப்பந்து விதி கூடச் சரியாத் தெரியாது. முதல் ஆட்டமா எதுக்குப் போகட்டும்?

பழைய ஸ்டோர்ஸ்வாசி

ஹார்ட்ஃபோர்ட் வேண்டாம் தம்பி, கேம்பஸுக்குள்ளேயே இருக்கிற கேம்பல் பவிலியனுக்குப் போ. முதல்ல பெண்கள் ஆட்டம் பாரு. பந்து கைமாறுறது கண்ணுக்குப் புரியும், விதியும் தானா வந்துடும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க: பெண்களுக்குப் பத்து நிமிஷமா நாலு பகுதி, ஆண்களுக்கு இருபது நிமிஷமா ரெண்டு. மத்தியானமே கிளம்பினா டெய்ரி பார்ல ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு நடந்தே போயிடலாம். மாணவர் டிக்கெட்டை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதே.