பாரிஸ்டர் படிப்பு: காலை நேரம் வெள்ளைப் புத்தகத்துக்கா, எழுந்து நின்று பேசவா?

தாமிரபரணி எழுதியது:

லண்டனில் பார் கோர்ஸ் சேரப்போகும் பிள்ளைகள் இங்கே வந்து கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்பதுதான். என் கருத்தைப் பளிச்சென்று வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். ஏப்ரல் தேர்வு முடியும்வரை காலை நான்கு மணி நேரம் சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்கே போக வேண்டும். வாதப் பயிற்சி, மூட் (கற்பனை வழக்கில் வாதாடிப் பழகுவது), கோர்ட்டில் உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் மிச்ச நேரத்தில்.

மற்ற பாடங்களுக்கு அவரவர் கல்லூரியே தேர்வு வைக்கிறது. இந்த இரண்டுக்கு மட்டும் பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தாள் அனுப்புகிறது. கிரிமினல்: புத்தகம் இல்லாமல் 75 கேள்வி, மூன்று மணி நேரம். சிவில் முதல் தாள்: புத்தகம் இல்லாமல் 50 கேள்வி, இரண்டு மணி நேரம். சிவில் இரண்டாம் தாள்: வெள்ளைப் புத்தகத்தோடு (சிவில் நடைமுறை விதிகளின் தொகுப்பு) 40 கேள்வி, இரண்டரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள். புத்தகம் இல்லாத தாள்களில் ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 வினாடி. புத்தகம் உள்ள தாளில் 3 நிமிடம் 45 வினாடி.

புத்தகம் கையில் இருக்கிறதே என்று தைரியமாகப் போகிறவர்கள்தான் அந்த மூன்றேமுக்கால் நிமிடத்தில் சிக்குகிறார்கள். கடைசிப் பக்க அட்டவணையைப் புரட்டிச் சொல்லைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்த விதிகளில், எதிராளி பதில் போடாததால் வரும் தீர்ப்பு பகுதி 12, அதை ரத்து செய்வது 13, முழு விசாரணை இல்லாமலே தரும் சம்மரி ஜட்ஜ்மென்ட் 24, இடைக்காலத் தடை 25, சமரச ஆஃபர் 36, செலவுத்தொகை 44. இவையெல்லாம் விரல் நுனியில் இருந்தால் புத்தகம் உதவும். இல்லாவிட்டால் அது மேஜையில் கிடக்கும் பாரம்தான்.

வடமராட்சி எழுதியது:

அண்ணை, கணக்கு சரி, முடிவு பிழை. நடைமுறைச் சட்டத் தாளில் தேறினவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கினம். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பியூப்பில்லேஜ் இல்லை. அந்தப் பன்னிரண்டு மாதப் பயிற்சி கிடைக்காவிட்டால் 'பாரிஸ்டர்' என்று பெயர் மட்டும் இருக்கும், கோர்ட்டில் நிற்க அனுமதி இராது. கோர்ஸ் முடித்து ஐந்து வருடத்துக்குள் பியூப்பில்லேஜைத் தொடங்கவும் வேண்டும்.

பியூப்பில்லேஜ் நேர்முகத்தில் யாரும் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய் என்று கேட்பதில்லை. கிரிமினல் சேம்பர் (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) என்றால் ஒரு தாளைக் கையில் தந்து, சில நிமிடம் அவகாசம் விட்டு, 'இவருக்குப் பிணை கேளுங்கள்' என்பார்கள். அங்கே நிற்பது பழக்கம்தான், மனப்பாடம் இல்லை. வாயை ஏப்ரல்வரை பூட்டி வைத்துவிட்டு மே மாதம் திறக்கலாம் என்பது நடக்காத காரியம்.

குறுக்கு விசாரணையை எடுங்கள். விதி எல்லோருக்கும் தெரியும்: ஒரு கேள்விக்கு ஒரு விஷயம், ஆம் என்று மட்டுமே பதில் வரக்கூடிய வாக்கியம், 'ஏன்' என்று கேட்காதே. எழுந்து நின்றால்?

'இரவு பதினொன்றரை மணி?' 'ஆம்.'
'தெருவிளக்கு எரியவில்லை?' 'ஆம்.'
'நீங்கள் எதிர்ப்பக்க நடைபாதையில்?' 'ஆம்.'
'அப்படியென்றால் முகத்தை எப்படித் தெளிவாகப் பார்த்தீர்கள்?'

அந்தக் கடைசிக் கேள்வியோடு எல்லாம் போச்சு. சாட்சி சொல்லுவார், 'கார் லைட் நேராக அவர் முகத்தில் அடித்தது' என்று. மூன்று கேள்வியில் கட்டினதை ஒரே கேள்வி இடித்துவிடும். மூன்றாவதோடு உட்காரவேணும், அந்த நாலாவதை முடிவுரையில் நீதிபதிக்குச் சொல்லவேணும். உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவதை இருபது தடவை பிழை விட்டால்தான் உடம்பு படிக்கும். புத்தகத்தில் படித்து வராது.

தாமிரபரணி எழுதியது:

உதாரணம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாட்சி முன்னால் நிற்பதற்கே முதலில் வழக்கு உயிரோடு இருக்க வேண்டுமே. சிவில் பக்கம் ஒன்று பாருங்கள்.

விண்ணப்பத்தை விசாரணைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு எதிராளிக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. விசாரணை 2025 அக்டோபர் 20, திங்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் எது? மூன்றைக் கழித்து 17 என்பார்கள் பலர். தப்பு. 'தெளிந்த நாள்' கணக்கில் சேர்ப்பிக்கும் நாளும் சேராது, விசாரணை நாளும் சேராது. காலம் ஐந்து நாள் அல்லது அதற்குக் குறைவு என்றால் சனி, ஞாயிறு, வங்கி விடுமுறையும் கழியும். ஆக வெள்ளி 17, வியாழன் 16, புதன் 15 ஆகிய மூன்றும் முழு நாள்கள். சேர்ப்பிக்கக் கடைசி நாள் செவ்வாய் 14. வியாழக்கிழமை அனுப்பியவர் குறைந்த அவகாசத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் முதலில் கெஞ்ச வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருடைய வாதத் திறமைக்கே வேலை.

இன்னொன்று. நம் ஊர் பிளைன்ட் (வழக்குரை) மாதிரி அங்கே பர்ட்டிகுலர்ஸ் ஆஃப் கிளெய்ம். அது கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளில் பதிலுரை. அந்த 14 நாளுக்குள் 'கிடைத்தது' என்று அக்னாலெட்ஜ்மென்ட் போட்டுவிட்டால் 28 நாள். இந்த 28, பிளைன்ட் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது, அக்னாலெட்ஜ்மென்ட் போட்ட நாளிலிருந்து அல்ல. இரண்டையும் கூட்டி 42 என்று குறிப்பவர்களுக்காகவே விடைகளில் ஒன்றாக 42-ஐ வைப்பார்கள்.

வடமராட்சி எழுதியது:

கிரிமினல் தாளிலும் அந்தப் பொறி இருக்குது, மறுக்கவில்லை. பொலிஸ் தடுப்புக்காவலில் இரண்டு மணிக்கூடு ஓடும். 24 மணி நேர எல்லை பொதுவாக நிலையத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து. ஆறு மணி நேரத்தில் வரும் முதல் மறுபரிசீலனை, காவலுக்கு அனுமதி கொடுத்த நேரத்திலிருந்து. அதன் பிறகு ஒன்பது மணி நேரத்துக்கு ஒருதரம். இரண்டையும் ஒன்றாக்கினால் விடை பிழைக்கும். ஆனால் இதைப் படிக்கத் தினம் நாலு மணி நேரம் எதற்கு? ஒரு கற்பனைக் கைதியை எடுத்து, வந்த நேரத்தையும் அனுமதித்த நேரத்தையும் தாளில் எழுதி, நேரக்கோடு கீறினால் நாற்பது நிமிடத்தில் பதிந்துவிடும். நீங்கள் சொல்லும் நாலு மணியில் பாதி, ஒரே பக்கத்தை மஞ்சள் பேனாவால் மூன்றாம் தரம் பூசுவதில்தான் போகுது.

ஹோல்பர்ன் எழுதியது:

இருவரும் காலை நேரத்தையே பிடித்து இழுக்கிறீர்கள். நாள் கெடுவது சாயங்காலத்திலும் ஜனவரியிலும்தான்.

லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு 'இன்'களில், அதாவது பாரிஸ்டர் சங்கங்களில், ஒன்றில் சேராமல் கோர்ஸில் நுழைய முடியாது. சேர்ந்தபின் அங்கே 10 தகுதி அமர்வுகளுக்கு வர வேண்டும் (முன்பு 12). பெரும்பாலும் மாலையில், பலது கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு சாப்பிடும் விருந்து. ஊருக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் பிள்ளைக்கு ஒரு விருந்து என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பி பதினொன்றுக்கு அறைக்கு வருவது. அடுத்த நாள் காலை நான்கு மணி நேரம் எங்கிருந்து வரும்? 21ஆம் நூற்றாண்டில் சோறு தின்பதை வக்கீல் தகுதியாக வைத்திருப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

பிறகு பியூப்பில்லேஜ் கேட்வே என்ற விண்ணப்ப இணையதளம். ஜனவரியில் விண்ணப்பம் திறந்து சில வாரத்தில் மூடும். 20 சேம்பர்வரை போடலாம். நேர்முகம் அதன்பின், ஆஃபர் மே மாதம். ஏப்ரல் தேர்வு அதன் நட்டநடுவில் வருகிறது. ஒவ்வொரு சேம்பருக்கும் 'எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்பதற்குத் தனித்தனிப் பதில் வேண்டும். ஒரே பதிலைப் பெயர் மாற்றி ஒட்டினால் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஜனவரி முழுக்க காலை நேரத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். 2024இல் லண்டனுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச பியூப்பில்லேஜ் தொகையே 23,078 பவுண்டு. அந்த இடத்துக்கு விண்ணப்பிப்பதை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் செய்யும் வேலையாக நினைக்கக் கூடாது.

வடமராட்சி எழுதியது:

ஹோல்பர்ன், விருந்து விஷயத்தில் உங்களோடு நிற்கமாட்டேன். சாப்பாடு மட்டும் என்று சொல்வது பழைய காலத்துக்குப் பொருந்தும். காந்தி 1888இல் இன்னர் டெம்பிளில் சேர்ந்தபோது நால்வருக்கு இரண்டு போத்தல் வைன். அவர் குடிக்காததால் அவரைத் தங்கள் நாலுபேரில் ஒருவராக்கப் போட்டி. இப்போது விரிவுரை, மூட், வார இறுதி வதிவிடப் பயிற்சி எல்லாம் அமர்வாக எண்ணப்படும். வதிவிடப் பயிற்சி ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வாகவே கணக்கில் சேரும். விருந்துகளை நாலோடு நிறுத்தி மீதியைப் பயிற்சியில் எடுத்தால், நீங்கள் வீண் என்று சொல்லுற சாயங்காலமே எனக்கு வேண்டிய வாதப் பயிற்சி நேரம் ஆகிவிடும்.

விருந்துக்கும் ஒரு பயன் இருக்குது. அண்ணன், மாமா யாரும் சட்டத்துறையில் இல்லாத எங்கடை பிள்ளை ஒரு நீதிபதிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்து கதைக்கக்கூடிய இடம் வேறு எங்கே? சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் இடம் பதியும்போதே சொல்லிவிட வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்கக்கூடாது.

வைகைக்கரை எழுதியது:

இங்கே யாரும் சொல்லாத ஒன்று: பேச்சுப் பயிற்சி என்று சொல்லிவிட்டு எப்படிப் பயிற்சி எடுப்பது என்பதை விட்டுவிட்டீர்கள். கண்ணாடி முன் நின்று பேசுவதால் பிரயோஜனமே இல்லை. தன் தப்பு தனக்கே காதில் விழாது.

இன்களில் சொல்லித்தரும் ஹாம்பெல் முறை ஆறு படி. பயிற்றுநர் முதலில் ஒரே ஒரு குறையைத் தலைப்பாகச் சொல்வார். மாணவர் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்திருப்பதிலிருந்து திருப்பி வாசிப்பார். அது ஏன் குறை, எப்படித் திருத்துவது என்று சொல்லி, தானே செய்து காட்டி, மாணவரை மறுபடி செய்ய வைப்பார். இதில் உயிர் அந்த இரண்டாம் படி. 'நீங்கள் லீடிங் கேள்வி (பதிலைத் தானே எடுத்துக்கொடுக்கும் கேள்வி) கேட்கிறீர்கள்' என்றால் எல்லோரும் மறுப்பார்கள். 'அப்போது அவர் கோபமாக இருந்தார், இல்லையா என்று உங்கள் சொந்த சாட்சியைக் கேட்டீர்கள்' என்று வாசித்தால் மறுக்க வாய் வராது. இரண்டு மாணவர்கள் சேர்ந்து இதை வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் பேச, மற்றவர் எழுத. நாற்பது நிமிடத்தில் ஆளுக்கு இரண்டு சுற்று முடியும். ஒரு சுற்றுக்கு ஒரு குறை மட்டும். ஐந்தைச் சொன்னால் ஒன்றும் திருந்தாது.

இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எல்லா நீதிபதியையும் 'மை லார்ட்' என்று அழைக்கும் வாய்ப்பழக்கம் அங்கே உதவாது. அது பொதுவாக உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேலும்தான். சர்க்கியூட் ஜட்ஜுக்கு 'யுவர் ஆனர்'. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு 2022 டிசம்பரிலிருந்து வெறும் 'ஜட்ஜ்', பழைய 'சார், மேடம்' எடுக்கப்பட்டுவிட்டது. நோட்ஸில் இன்னும் பழையதை வைத்திருப்பவர்கள் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி எழுதியது:

வைகைக்கரை சொன்ன நாற்பது நிமிடம் என் அட்டவணையில் மதியத்துக்கு மேல் தாராளமாக நுழையும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜனவரியை விண்ணப்பத்துக்கு விடுவதையும் ஏற்கிறேன். ஆனால் அப்படி விடுவதானால் டிசம்பருக்குள் ஒரு பாடத்தையாவது எழுதி முடித்திருக்க வேண்டும். தேர்வு டிசம்பர், ஏப்ரல், ஆகஸ்ட் என மூன்று தடவை வருகிறது. எந்தக் கல்லூரி எந்தப் பாடத்தை எந்த மாதம் எழுத வைக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. இன்களின் சொந்தக் கல்லூரி படிப்பை இரண்டாகப் பிரித்து, இந்த இரண்டு தேர்விலும் தேறியவர்களையே வாதப் பயிற்சிக்குள் விடுகிறது. நான் சொல்லும் வரிசை அதுதான்.

வடமராட்சி எழுதியது:

அந்தக் கல்லூரியில் முதல் பகுதியை வேலை செய்துகொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம், அதனால் அங்கே அந்த வரிசை பொருந்தும். இரண்டையும் ஒரே வருடத்தில் கலந்து நடத்தும் இடத்துக்கு அதைக் கொண்டுவந்தால், வாதப் பாடத்தின் உள்தேர்வு வரும்போது பிள்ளை தயாராக இராது. அங்கே காலை இரண்டு மணி நேரம் புத்தகம், அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் கோர்ட் என்பதுதான் என் கணக்கு. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஹோல்பர்ன் எழுதியது:

கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள், எங்கே என்று சொல்லுங்கள். எல்லோரும் முதலில் ஓடுவது லண்டனின் பெரிய கிரிமினல் கோர்ட்டான ஓல்டு பெய்லிக்கு. பார்வையாளர் மாடத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, அங்கே வாங்கி வைப்பதும் இல்லை, வாசலில் நின்று திரும்புகிறவர்கள் உண்டு. கொலை வழக்கில் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு தடயவியல் சாட்சி ஓடலாம். பியூப்பில்லேஜின் இரண்டாம் ஆறு மாதத்தில் தனியாக நிற்கப்போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் கவுண்டி கோர்ட்டிலும். அங்கேயே போய் உட்காருங்கள். வீட்டைக் காலி செய்யும் வழக்குப் பட்டியலில் ஒரு வழக்குக்குச் சில நிமிடம்தான். ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு வழக்கைப் பார்த்துவிடலாம், நீதிபதி அனுமதித்தால்.

வடமராட்சி எழுதியது:

இதுதான் சரியான இடம். போகும்போது நோட்டில் மூன்று பத்தி கீறிக்கொண்டு போகட்டும்: வக்கீல் கேட்ட உத்தரவு, நீதிபதி குறுக்கிட்டுக் கேட்ட முதல் கேள்வி, அதற்கு வக்கீல் காட்டின விதி எண். நீதிபதியின் பேனா எப்போது நின்றது என்பதையும் ஓரத்தில் குறிக்கவேணும். பேனா எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த கேள்விக்குப் போகிற வக்கீலையும், நிற்கும்வரை பொறுக்கிற வக்கீலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

தாமிரபரணி எழுதியது:

மூன்றாவது பத்தியில் எழுதிய விதி எண்களை அன்று சாயங்காலமே வெள்ளைப் புத்தகத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள் என்றால், அந்த ஒரு நாளை என் நான்கு மணியிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கு நாளும் அப்படியே இருக்கட்டும்.