அரிவாள் செல் சோகைக்காகக் கோவையிலிருந்து லே வரை மோட்டார் சைக்கிள் பயணம்: பாதை சரிதானா?

கேள்வி (கோபிக்காரன்):
அனைவருக்கும் வணக்கம். பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகையைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக, நண்பர்கள் நால்வர் கோவையில் புறப்பட்டு சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், டெல்லி வழியாக லடாக்கின் லே வரை மோட்டார் சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளோம். எங்களில் ஒருவர் ஆனைகட்டிப் பக்கத்து இருளர். அவருடைய தம்பிக்கு இந்நோய் இருக்கிறது, பரிசோதித்ததில் நண்பரும் நோய்க்கூறு தாங்கியவர் (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் பெற்றவர்) என்று தெரியவந்தது. உலக அரிவாள் செல் நாளான ஜூன் 19 அன்று லேயில் நிற்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். துண்டறிக்கை கொடுப்பதைத் தவிர வழியில் வேறென்ன செய்யலாம், பாதையில் மாற்றம் தேவையா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் (திருப்பூர் நெடுவழியார்):
தம்பி, அவிநாசி, பவானி வழியாகச் சேலம் சென்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், நாக்பூர் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டருக்குச் சாலையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் நீங்கள் குறித்திருக்கும் நாளைப் பற்றித்தான். ஜூன் 19 அன்று லேயில் இருக்க வேண்டுமானால் தெலங்கானாவையும் மகாராஷ்டிரத்தின் விதர்பாவையும் ஜூன் தொடக்கத்தில் கடக்க வேண்டும். மழை தாமதமானால் அப்போதும் அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். கார்த்திகை, மார்கழியில் போனால் பகலெல்லாம் வண்டி ஓட்டலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. லடாக்கில் இந்த நோயைப் பற்றி யாரிடம் பேசப்போகிறீர்கள்? மலேரியா காலங்காலமாக வாட்டிய காட்டுப் பகுதிகளில், நோய்க்கூறு தாங்கியவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததால் அந்த மரபணு அங்கே நிலைத்தது. நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி, பிறகு ஆதிலாபாத், கட்சிரோலி, சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கே நந்துர்பாரும் தெற்குக் குஜராத்தும் என்று அது பழங்குடி மக்கள் வாழும் நிலத்தோடு செல்கிறது. பனிமலையில் எடுக்கும் படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் நாக்பூரைச் சுற்றி இருக்கிறார்கள்.

பதில் (மேட்டுப்பாளையம், ஆய்வகப் பணியாளர்):
நெடுவழியார் கூறியதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கணவாய்கள் இன்னும் உயரமானவை. ஆக்சிஜன் குறைந்தால் இந்நோய்க்குரிய மாறுபட்ட ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, சிவப்பணு அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. நோயாளிகளுக்குக் குளிர், நீர் வற்றுதல், மிகுந்த களைப்பு ஆகியவையே போதும், எலும்பிலும் முதுகிலும் தாங்க முடியாத வலி வந்துவிடும். தாங்கியவர்களுக்கு அன்றாட வாழ்வில் பெரும்பாலும் தொல்லை இராது. ஆயினும் மிக உயரமான இடங்களில் அவர்களுக்கும் மண்ணீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. உங்கள் நண்பர் மருத்துவரைக் கேட்காமல் அந்த மலை ஏறக் கூடாது.

துண்டறிக்கையைவிடப் பயனுள்ளது பரிசோதனை முகாம். முதலில் செய்யும் கரைதிறன் சோதனை, அந்த ஹீமோகுளோபின் இரத்தத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் காட்டும். ஒருவர் தாங்கியவரா நோயாளியா என்று பிரித்தறிய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரசிஸ் சோதனை வேண்டும். எனவே இரத்தம் எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பும் முகாம் பாதி வேலைதான். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் நோக்கம் கொண்டது. நீங்கள் தங்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் முகாம் வைக்கும் நாளில் போய்ச் சேர்ந்தால், முடிவு சொல்லவும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுக்கவும் அங்கே ஆள் இருப்பார்கள்.

பதில் (கோத்தகிரி அக்கா):
எங்கள் வீட்டிலும் இந்நோய் உள்ளது. நீலகிரிப் பழங்குடிகளிடையே இது இருப்பதை 1952ஆம் ஆண்டிலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ பிள்ளைகளின் வலியை வாயுப் பிடிப்பு என்றும் வளரும் வயது வலி என்றும் சொல்லிக் காலம் கடத்தியிருக்கிறோம். ஆகவே நீங்கள் வருவதை வேண்டாமென்று கூற மாட்டேன். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், தம்பி. பரிசோதனைக்கு வந்த பெண்பிள்ளைகளைப் படமெடுத்து வலைத்தளத்தில் போடாதீர்கள். தாய், தந்தை இருவருமே தாங்கியவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு பேறிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஊரில் இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, அந்தப் பெண்ணின் சம்பந்தத்தைத்தான் நிறுத்துவார்கள். முடிவை அவரவரிடம் தனியே சொல்லட்டும்; படத்தில் உங்கள் வண்டி இருந்தால் போதும்.

கேட்டவர் (கோபிக்காரன்):
அண்ணாவுக்கும் அக்காவுக்கும் ஆய்வக நண்பருக்கும் நன்றி. லேயைக் கைவிட்டோம். டிசம்பரில் ஆனைகட்டியில் தொடங்கி, ஆதிலாபாத், நாக்பூர், நந்துர்பார் என்று பாதையை மாற்றியிருக்கிறோம். வழியிலுள்ள சுகாதார நிலையங்களுக்கு இந்த வாரமே எழுதுகிறோம். எங்கள் நால்வருக்கும் மராத்தி தெரியாது. நந்துர்பார் பக்கம் உடன் வந்து பேசக்கூடிய எவரையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.