பாரசைட்டாய்ட்: ‘ஒட்டுண்ணி’ போதுமா?

> ஒட்டுண்ணி என்றே இருந்துவிட்டுப் போகட்டும். உழவர்களுக்குப் பழகிய சொல்.

ஐயா, வணக்கம்.

வேறொரு பூச்சியின் முட்டையையோ புழுவையோ கூட்டுப்புழுவையோ தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிடும் பூச்சிக்கு ஆங்கிலத்தில் பாரசைட்டாய்ட் (parasitoid) என்று பெயர். அதற்குத் தமிழில் ‘ஒட்டுண்ணி’யே போதும் என்கிறீர்கள். பழகிய சொல்தான், மறுக்கவில்லை. கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவி வெளிவரும் அட்டையைக் கட்டுகிறவர் ‘முட்டை ஒட்டுண்ணி’ என்றுதான் கேட்டு வாங்குகிறார். அந்த அட்டை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். தடுமாற்றம் பாடப்புத்தகம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கும்தான். அவர்களுக்கு ஒட்டுண்ணி என்றால் பேன், நாடாப்புழு, நாயின் காதில் தொங்கும் உண்ணி. அம்பத்தூரில் மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கும் ஒரு அம்மாவிடம், “ஒட்டுண்ணி வந்தால் விட்டுவிடுங்கள், நல்லது” என்றேன். “அது எப்படிங்க நல்லதாகும்? நான் வேப்பெண்ணெய் அடிச்சிடறேன்” என்றார். அவர் மேல் என்ன தப்பு?

முட்டைக்கோஸ் புழுவின் மேலோ பக்கத்திலோ அரிசிமணி போல வெள்ளையாகச் சில ஒட்டிக்கொண்டிருக்கும். புழுவின் முட்டை என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கிவிடுகிறோம். புழு முட்டையிடாது, அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியோ ஆன பிறகுதான் இடும். அந்த வெள்ளை மணிகள் கோட்டீசியா என்ற சிறு குளவியின் கூடுகள். அதன் குஞ்சுகள் புழுவுக்குள் இருந்து தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டியிருக்கின்றன. அந்தப் புழு எப்படியும் சாகும். நாம் நசுக்கியது அடுத்த தலைமுறைக் காவலை.

பேன் நம்மைக் கொல்வதில்லை. நாம் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. இந்தக் குளவி வகையறா அப்படி இல்லை. இளம்பருவம் முழுக்க ஓர் உயிரைத் தின்று, கடைசியில் கொன்றேவிடுகிறது. வளர்ந்தபின் தேன் குடித்துக்கொண்டு தன்பாட்டில் பறக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதை இயற்கையே செய்துகாட்டினால் இப்படித்தான் இருக்கும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் பின்லாந்தின் பூச்சியியலாளர் ஓடோ ராய்ட்டர் 1913இல் பாரசைட்டாய்ட் என்று தனிச்சொல்லே உண்டாக்கினார். அதுவரை மேல்நாட்டு அறிஞர்களும் ஒரே சொல்லைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘ஒட்டுண்ணிப்போலி’ வேண்டாம். போலி விதை, போலி உரம் என்று கேட்டு நொந்தவரிடம் போலியை விற்க முடியாது. ‘உள்ளுண்ணி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. தென்னைக் கருந்தலைப்புழுவை அழிக்கும் கோனியோசஸ் குளவி, புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடல்மேல் முட்டையிடுகிறது; குஞ்சுகள் வெளியே ஒட்டிக்கொண்டுதான் உறிஞ்சுகின்றன. ‘கொல்குளவி’ எனக்கு ரொம்பப் பிடித்தது. “குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்” என்ற பழைய நம்பிக்கையை நினைத்துப் பாருங்கள். கூட்டுக்குள் புழு போனது, குளவி வந்தது. நடுவில் நடந்த விருந்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் கரும்பு இளங்குருத்துப்புழுவைத் தாக்கும் ஸ்டர்மியாப்சிஸ் ஓர் ஈ. ஈயைக் குளவிக்குள் அடைக்க முடியாதே. ‘கொல்லி’ என்று முடியும் சொற்களும் சரிவராது. அந்த ஈறு மருந்துக்கடைப் புட்டிக்கு எழுதிக்கொடுத்ததாகிவிட்டது.

என் பரிந்துரை: கொல்லொட்டுண்ணி. கொல்களிறு, கொல்லேறு போல வினைத்தொகை. பழகிய ஒட்டுண்ணி உள்ளேயே இருக்கிறது, அட்டையில் அச்சிட்டதையும் மாற்ற வேண்டாம். ‘முட்டைக் கொல்லொட்டுண்ணி’, ‘புழுக் கொல்லொட்டுண்ணி’, ‘கூட்டுப்புழுக் கொல்லொட்டுண்ணி’ என்று நீட்டலாம். கடைசியது நாக்கைச் சுளுக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: “பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. மருந்துக்கு அடங்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று கொல்லொட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது.” இங்கே வெறும் ஒட்டுண்ணி என்று போட்டால், மாவுப்பூச்சியோடு இன்னொரு தொல்லையையும் கப்பலேற்றி வரவழைத்தது போலப் படுகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது, உங்களுக்கு எப்படி?

அப்புறம், இன்னொன்று தொங்கலில் இருக்கிறது. கொல்லொட்டுண்ணியின் உடம்பிலேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் இனங்களும் உண்டு; அவை பெருகினால் உழவருக்குத்தான் இழப்பு. ‘மேற்கொல்லொட்டுண்ணி’ என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். யாராவது சின்னதாக ஒன்று சொல்லுங்களேன்.