அரசு அலுவலகம் வேண்டாம் என்று ஒதுக்கிய கணினிகளை ஊர் நூலகத்துக்குக் கேட்டு வாங்க முடியுமா?

ஆற்றங்கரை:
வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். பக்கத்து டவுனில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்துவிட்டதால், பழையவை இருபதுக்கு மேல் ஒரு அறையில் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாம் இன்டெல் ஐ3 பிராசசர், ஆறாம் ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது, 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒதுக்கியிருக்கிறார்கள், மற்றபடி நேற்றுவரை வேலை செய்தவைதான். எங்கள் நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் விண்ணப்பம் போட, ஹால் டிக்கெட் எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் பிரௌசிங் சென்டரில் காசு கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "கண்டம் பண்ணி (இனி உதவாது என்று எழுதித் தள்ளி) ஏலம் விடுவோம், வெளியாளுக்குத் தர முடியாது" என்கிறார்கள். வழி இருக்கிறதா?

பழைய ஸ்டோர் கீப்பர்:
வழி இருக்கிறது தம்பி, ஆனால் சீக்கிரம் போக வேண்டும். மத்திய அலுவலகம் என்றால் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். 217ஆம் விதிப்படி முதலில் பொருளை உபரி என்றோ, வழக்கொழிந்தது என்றோ, பயனற்றது என்றோ அறிவிப்பார்கள். அப்புறம் 218. மீதி மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் விளம்பரம் செய்து டெண்டர் அல்லது பொது ஏலம். அதற்குக் கீழே என்றால் எப்படிக் கழிப்பது என்பதைத் தகுதியுள்ள அதிகாரியே முடிவு செய்யலாம். நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கோப்பில் "மின்கழிவு" என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் அதைக் கொடுக்க முடியும். ஓடுகிற கணினியை "உபரி" என்று எழுதுவதற்கும் "கழிவு" என்று எழுதுவதற்கும் ஒரு கையெழுத்துதான் வித்தியாசம், அதனால் இதை முடிவு செய்யும் கமிட்டி உட்காரும் முன்பே உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும்.

வாசகர் வட்டம் பெயரில் கேட்காதீர்கள். நீங்கள் வெளியாள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு இருக்கிறது, கோரிக்கை மாவட்ட நூலக அலுவலர் கையெழுத்தில் போகட்டும். ஒரு பொது அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, அங்கே இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது என்றால் நாளைக்குத் தணிக்கையில் யாரும் பதறத் தேவையில்லை.

ஸ்க்ரூடிரைவர்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்களுடைய உண்மையான பயம் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பற்றித்தான். டிஸ்க்கைக் கழற்றி அவர்களிடமே விட்டுவிட்டால் அந்தப் பேச்சே எழாது. அந்த டிஸ்க்குகள் எப்படியும் மெதுவானவை, அதன் இடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டால் அதே கணினி எழுந்து நிற்கும் வேகமே வேறு.

இருபதையும் ஓடவைக்க ஆசைப்படாதீர்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியவற்றைத் தனியே ஒதுக்கி, அவற்றின் ராமை நல்லவற்றில் போட்டு 8 ஜிபி ஆக்குங்கள். அந்தக் காலத்து மாடல்களில் டிடிஆர்3, டிடிஆர்4 என்ற இரண்டு வகை ராமும் கலந்திருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. தேதி, நேரத்தைக் காக்கும் சின்ன சீமாஸ் பேட்டரியை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது, ஜனங்கள் நெட் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பழைய குண்டு மானிட்டர் கொடுத்தால் வாங்கவே வேண்டாம், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். அதில் விருந்தினர் கணக்கைத் திறந்துவிட்டால், ஒருவர் வெளியேறியதும் அவர் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். ஆதார் நகலும் மார்க் ஷீட்டும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் பொதுக் கணினியில் இதைச் செய்யாமல் விடவே கூடாது. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துவிடலாம்.

ஸ்கார்பரோவிலிருந்து:
கனடாவில் இதை 1993இலேயே ஒரு திட்டமாகத் தொடங்கிவிட்டார்கள், "பாடசாலைகளுக்குக் கணினி" என்று பெயர். ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்கள் தொண்டர்களாக வந்து திருத்தித் தொடங்கிய வேலை. இப்போது நூலகங்கள், தொண்டு அமைப்புகள், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் போகிறது. மத்திய திணைக்களங்கள் தங்கள் உபரிக் கணினிகளை முதலில் இந்தத் திட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. யாரும் போய்க் கெஞ்சத் தேவையில்லை. திருத்தும் இடத்தில் இளம் ஆட்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சியும் கொடுக்கிறார்கள். அங்கேயும் இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை ஊர்களுக்குப் பயன்படும்! உங்கள் கடிதம் அந்த ஒரு அலுவலகத்தோடு நிற்காமல் மேலேயும் போகட்டும்.

கணக்கு டீச்சர்:
நல்ல முயற்சி. ஆனால் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு இப்படித்தான் கணினிகள் வந்தன, படம் எடுத்தார்கள், ஒரு வருடத்தில் ஒவ்வொன்றாக நின்று அறையைப் பூட்டிவிட்டார்கள். பழுது பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. பன்னிரண்டு கணினி வாங்கி எல்லாம் தூசி படிவதைவிட ஆறு வாங்கி ஆறும் ஓடுவது மேல். பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பக்கத்து பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் நூலகத்துக்கு வருகிறவர்கள்தான், வாரம் ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்டிருக்கிறேன். எட்டு மட்டும் ஓட்டுவதாக வைத்துக்கொள்கிறோம், இரண்டு உதிரிக்கு. ஐயா, கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பழைய ஸ்டோர் கீப்பர்:
எத்தனை வேண்டும், எந்தப் பயனுக்கு, எங்கே வைக்கப்படும், டிஸ்க் இல்லாமல் போதும், ஏற்றுக் கூலி நம்முடையது, வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படும், ஓடாமல் போனால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கப்படும். ஒரு பக்கம் போதும். கடைசி வரியை மறக்காதீர்கள், அது இருந்தால் அதிகாரி தைரியமாகக் கையெழுத்துப் போடுவார். வரைவை இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.