இதய பம்ப் வைத்தவருக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு: எங்கள் வீட்டு அனுபவங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து, மகள்:

அப்பாவுக்குச் சென்னையில் எல்.வி.ஏ.டி. பம்ப் வைத்தார்கள். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குத் தள்ளும் சின்ன மோட்டார். அதன் ஒயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பில் இருக்கும் கன்ட்ரோலரில் சேர்கிறது. பேட்டரி மாற்றுவது, ஒயர் வரும் இடத்தில் கட்டுப் போடுவது எல்லாம் அங்கேயே பழக்கித்தான் அனுப்பினார்கள். ஊருக்கு வந்த பிறகு எங்களைத் திணற வைத்தது அடுப்படிதான்.

கையில் கொடுத்த உணவுத் தாளில் பிராக்கோலி, லெட்யூஸ் என்று போட்டிருந்தது. எங்கள் கொல்லையில் நிற்பது முருங்கை. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது முருங்கைக்கீரை வேண்டும். பம்புக்குள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கீரையே ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அத்தை மரத்தையே வெட்டச் சொன்னார்கள்.

பம்ப் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு போன் போட்டுக் கேட்டேன். "கீரையை நிறுத்தாதீங்க. எப்பவும் சாப்பிடுற அளவை வாரா வாரம் மாத்தாம கொடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரையை நாங்க வச்சுக்கிறோம்" என்றார். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஒரே கரண்டியால் ஒரே அளவு. கூட்டாஞ்சோறு கிண்டினால் அதில் போடும் கீரையும் அந்தக் கணக்கில்தான். கீரை திடீரென்று கூடினால் ரத்தம் உறையும் பயம். அடியோடு குறைந்தால் ரத்தம் கசியும் பயம். அப்பா காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தபோது ஐ.என்.ஆர். மளமளவென்று ஏறிவிட்டது. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் சாப்பாடு குறைந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்தது.

இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு வாங்கி வருவதைக் கவனியுங்கள். சித்தப்பா, "ரத்தம் ஊறும், காலைல ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடுங்க" என்று முருங்கையிலைப் பொடி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு கொத்துக் கீரை காய்ந்தால் எவ்வளவு பொடி மிஞ்சும் என்று நமக்குத் தெரியும். அப்படியானால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு கீரை இருக்கும்? விவரத்தைச் சொன்னதும் அவரே பேசாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பொடி, லேகியம், கஷாயம் எதுவானாலும் பம்ப் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து, மனைவி:

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியம்தான். அது 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். பாலிலும் முட்டையிலும் காயிலும் கொஞ்சம் சோடியம் இருக்கிறது. அதனால் காலையில் எழுந்ததும் முக்கால் ஸ்பூன் உப்பை ஒரு சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிடுவேன். அவருடைய பங்குக்கு அன்றைக்கெல்லாம் அதிலிருந்துதான் கிள்ளிப் போடுவேன். இட்லி மாவு ஆட்டியதும் உப்புப் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு தூக்கில் தனியாக எடுத்துவிடுவேன். உப்பில்லாமலும் மாவு நன்றாகவே புளிக்கிறது.

குழம்பில் உப்பைக் குறைப்பது லேசு. வெஞ்சனம்தான் பாடு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு மூன்றையும் வீட்டிலேயே வைப்பதில்லை. அவர் முன்னால் நாங்கள் மட்டும் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கைகொடுத்தது புளிப்புதான். சொதிக்கு எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிந்து இஞ்சித் துவையலை வைத்தால், உப்புக் குறைந்திருப்பதைப் பிள்ளைகள்கூடக் கண்டுபிடிப்பதில்லை. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான், வாசனையே பாதி ருசியைத் தந்துவிடும்.

கடையில் சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். இவர் போடும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து, பம்ப் வைத்திருப்பவர்:

எனக்குப் பெரிய கஷ்டம் தண்ணீர். ஒரு நாளைக்கு 2 லிட்டர். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலையில் ஜாடியில் பிடித்து வைத்து, வேறு எது குடித்தாலும் அந்த அளவை ஜாடியிலிருந்து ஊற்றிவிடுவேன். தினமும் எழுந்ததும் எடை பார்த்து எழுதுகிறேன். திடீரென்று எடை ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே போன்.

ஆனால் நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் குறைவதும் ஆபத்துதான். போன சித்திரையில் வயிற்றுப்போக்கு வந்து சோர்ந்து கிடந்தேன். கன்ட்ரோலர் அலறியது, ஓட்டம் குறைவு என்று. உள்ளே ரத்தம் வந்தால்தானே பம்ப் தள்ளும்? போனில் அவர்கள் சொன்ன அளவுக்குக் குடித்துக்கொண்டே வண்டி பிடித்துப் போனோம். அளவு 2 லிட்டர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

கல்யாண வீடுகளுக்கு நான் போகத்தான் செய்கிறேன். மறுவீட்டுப் பந்தியில் மதினி, "இன்னிக்கு ஒரு நாளுதானே, சாப்பிடுங்க" என்று இலையில் அப்பளத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். இப்போதெல்லாம் மறைப்பதில்லை, சட்டையைத் தூக்கி ஒயரைக் காட்டிவிடுவேன். ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்தபோது, சொந்தத்தில் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு நாடியே இல்லை என்று கத்திவிட்டார். இந்தப் பம்ப் விடாமல் ஓடுவதால் பலருக்குக் கையில் நாடி தெரியாது. இதை வீட்டார் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது, பந்தி பரிமாறுகிறவர்கள் வரை சொல்லி வையுங்கள்.

அம்பாசமுத்திரம் மகள்:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அப்பா நுங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இளநீர்?

தென்காசிக்காரர்:

நுங்கு நான் சாப்பிடுகிறேன்மா, ஆனால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்வேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அப்பாவின் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நர்ஸம்மாவிடமே கேட்டுவிடுங்கள். பதில் வருகிற வரைக்கும் வெட்ட வேண்டாம்.